383-க்கு முதல்ல இக்னிஷனா, கார்பரேட்டரா?

2023 பிப்ரவரி 11, காலை (கேள்வி)

"1969 பிளிமத் ரோட் ரன்னர். 383 கன அங்குல எஞ்சின், ஆட்டோமேட்டிக் கியர். போன வருஷம் ஒஹாயோவில் வாங்கினேன். ஐட்லிங்கில் தடுமாறுது, சட்டுன்னு மிதிச்சா ஒரு நொடி மூச்சு விட்டுட்டுதான் கிளம்புது. பாயின்ட்டைத் தூக்கிட்டு எலெக்ட்ரானிக் இக்னிஷன், பழைய கார்ட்டர் கார்பரேட்டரைத் தூக்கிட்டு 750 டபுள் பம்பர், ரெண்டையும் ஒரே சனி ஞாயிறில் மாத்திடலாம்னு இருக்கேன். அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க."

2023 பிப்ரவரி 11, இரவு

ரெண்டையும் ஒரே சனி ஞாயிறில் மாத்தாதீங்க. ரெண்டையும் சேர்த்து மாத்தின பிறகு வண்டி சரியா ஓடலைன்னா எதைச் சந்தேகப்படுவீங்க?

என்கிட்ட இருக்கிறதும் அதே வருஷம், அதே 383. விஐஎன் (வண்டியோட அடையாள எண்) ஆர்எம்23எச்9ஏ-ன்னு தொடங்கும். அந்த எச்தான் 335 குதிரைத்திறன் 383. கடைசி ஏ-ன்னா டெட்ராய்ட் லிஞ்ச் ரோடு ஃபேக்டரி. நான் இருக்கிறது மிச்சிகன் ட்ராயில், ஃபேக்டரி இருந்த இடம் இங்கிருந்து அரை மணி நேரம்தான்.

2017-ல் நீங்க சொல்றதை அப்படியே நானும் செஞ்சேன். சனிக்கிழமை டிஸ்ட்ரிபியூட்டருக்குள்ள எலெக்ட்ரானிக் மாட்யூல், ஞாயித்துக்கிழமை புது கார்பரேட்டர். திங்கள் காலையிலும் அதே தயக்கம். புதுசா வந்தது கார்பரேட்டர்தானேன்னு அதையே பிடிச்சுக்கிட்டேன். மூணு மாசத்தில் ஏழு தடவை ஜெட் (பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கிற துளை) மாத்தினேன். கடைசியில் டிஸ்ட்ரிபியூட்டர் பக்கவாட்டில் தொங்குற வேக்குவம் அட்வான்ஸ் டப்பாவை (எஞ்சினோட உறிஞ்சலை வெச்சு பொறியை முன்னால கொண்டு வர்றது) வாயால உறிஞ்சிப் பார்த்தேன். காத்து தாராளமா வந்துச்சு. உள்ள டயாஃப்ரம் கிழிஞ்சிருக்கு. நான் வாங்குறதுக்கு முன்னாடியே கிழிஞ்சிருக்கணும்.

750 பத்தி: கன அங்குலத்தை அதிகபட்ச ஆர்பிஎம்மால் பெருக்கி 3456-ஆல் வகுங்க. 383 × 5500 ÷ 3456 = கிட்டத்தட்ட 610 சிஎஃப்எம் (நிமிஷத்துக்கு இத்தனை கன அடி காத்து). அதுவும் சிலிண்டர் நூத்துக்கு நூறு நிரம்பினா. தெருவில் ஓடுற எஞ்சினுக்கு 85 சதவீதம்னு வெச்சா 520 போதும். டபுள் பம்பரில் பின்பக்க ரெண்டு வாயும் மிதிக்கிற மிதிக்கு நேரடியாத் திறக்கும். எஞ்சினுக்கு அந்தக் காத்து வேணுமா வேண்டாமான்னு அது பார்க்காது. ஆட்டோமேட்டிக் கியர், 3.23 ஆக்சில், கனமான வண்டி. உங்க தயக்கம் கூடத்தான் செய்யும்.

பணம் செலவு பண்றதுக்கு முன்னாடி ட்வெல் மீட்டர் ஒண்ணு, டைமிங் லைட் ஒண்ணு, வேக்குவம் கேஜ் ஒண்ணு வாங்குங்க. இப்ப இருக்கிற நிலையை எழுதி வைங்க.

2023 பிப்ரவரி 12, காலை

பாயின்ட்டுன்னா என்னன்னு இன்னொருத்தர் கேட்டிருக்கார், அதனால கொஞ்சம் விரிவா.

டிஸ்ட்ரிபியூட்டருக்குள்ள எட்டு முனை உள்ள கேம் சுத்தும். ஒவ்வொரு முனையும் பாயின்ட்டைப் பிரிக்கும்போது காயில்ல ஓடுற மின்சாரம் அறுந்து, அந்த அதிர்ச்சியில் பிளக்குக்குப் பொறி போகும். எஞ்சின் 5000 ஆர்பிஎம்மில் ஓடும்போது டிஸ்ட்ரிபியூட்டர் அதில் பாதி வேகம், 2500. எட்டால் பெருக்கினா நிமிஷத்துக்கு 20,000 தடவை. ஒரு நொடிக்கு 330-க்கு மேல. ஒரு சின்ன ஸ்பிரிங்கும் ஒரு ஃபைபர் கட்டையும் இத்தனையையும் தாங்குது. அந்தக் கட்டை தேயத் தேய இடைவெளி குறையும், பாயின்ட் மூடியிருக்கும் நேரம் கூடும். அந்த நேரத்தைக் கோணத்தில் அளந்தா அதுதான் ட்வெல். 383-க்கு 30 டிகிரி பக்கத்தில் இருக்கணும். கூடினா டைமிங் (பொறி விழுற நேரம்) பின்னால போகும்: ட்வெல் 1 டிகிரி கூடினா டைமிங் 2 டிகிரி.

அப்பா கோயம்புத்தூரில் அம்பாசிடர் டாக்ஸி ஓட்டினார். வண்டி மிஸ்ஸிங் அடிச்சா முதல்ல டெல்கோ மூடியைத்தான் திறப்பார் (டிஸ்ட்ரிபியூட்டருக்கு எங்க ஊர் ஒர்க்‌ஷாப்பில் டெல்கோன்னுதான் பேர்). பாயின்ட்டை உப்புத்தாளால் ஒரு இழுப்பு, கண்டன்சர் வயரை ஒரு அசைப்பு. கார்பரேட்டரைத் தொடுறது கடைசிக் காரியம். பக்கத்தில் நின்னு டார்ச் பிடிச்சது நான். அப்படி இருந்தும் 2017-ல் கார்பரேட்டரில்தான் போய் விழுந்தேன்.

2023 பிப்ரவரி 12, இருபது நிமிஷம் கழிச்சு

மேல எழுதினதில் ஒரு தப்பு, திருத்திக்கோங்க. ட்வெல் 1 டிகிரி கூடினா டைமிங் 1 டிகிரிதான் பின்வாங்கும், 2 இல்லை. ட்வெல் கூடும்போது அதில் பாதி பாயின்ட் முன்னமே மூடுறதில் போகுது, மீதிப் பாதிதான் லேட்டாத் திறக்கிறது. டிஸ்ட்ரிபியூட்டரில் அரை டிகிரின்னா கிராங்க்கில் ஒரு டிகிரி. காபி குடிச்சுக்கிட்டே தாளில் படம் போட்டுப் பார்த்தப்பதான் தெரிஞ்சுது.

2023 பிப்ரவரி 18

கேள்வி கேட்டவர் அளந்து போட்டிருக்கார். நல்லது. ட்வெல் 38. அப்படின்னா பாயின்ட் இடைவெளி கிட்டத்தட்ட மூடிடுச்சு. அதை 30-க்குக் கொண்டு வந்தாலே டைமிங் 8 டிகிரி முன்னால வந்துடும். பைசா செலவில்லாம.

அதோட இன்னொண்ணையும் பாருங்க. டைமிங் குறி இருக்கிற டாம்ப்பர் (கிராங்க் முன்முனைச் சக்கரம்) நடுவில் ரப்பர் வெச்ச ரெண்டு வளையம். ரப்பருக்கு 54 வயசு. வெளி வளையம் மெல்ல நழுவும், குறியும் கூடவே போகும். என்னுது 6 டிகிரி நகர்ந்திருந்துச்சு. முதல் சிலிண்டர் பிளக்கைக் கழட்டி அதில் பிஸ்டன் ஸ்டாப்பர் முடுக்குங்க. பேட்டரி எர்த்தைக் கழட்டிட்டு, எஞ்சினைக் கையால ரெண்டு பக்கமும் முட்டும்வரை சுத்தி ரெண்டு கோடு போடுங்க. ரெண்டுக்கும் நடுதான் உண்மையான டிடிசி, அதாவது பிஸ்டன் உச்சியில் நிக்கிற இடம். இதைச் செய்யாம டைமிங் லைட் பிடிச்சா அது காட்டுற எண்ணுக்கு அர்த்தமே இல்லை.

2023 பிப்ரவரி 25

"இதுக்கு மேல பாயின்ட்டை வெச்சே ஓட்டலாமா?" ஓட்டலாம். வருஷத்துக்கு ஆயிரம் மைல் ஓடுற வண்டிக்கு நல்ல பாயின்ட் செட் போதும். ஆனா நல்ல பாயின்ட்டும் கண்டன்சரும் கிடைக்கிறது இப்ப பெரும்பாடு. நான் மாத்தினதுக்கு அதுதான் காரணம், குதிரைத்திறனுக்காக இல்லை.

வழி மூணு இருக்கு, மூணையும் நான் செஞ்சு பார்த்திருக்கேன்.

முதல் வழி, பாயின்ட் இருந்த இடத்திலேயே உட்காருற சின்ன மாட்யூல். அரை மணி நேர வேலை, வெளியில் பார்த்தா தெரியவே தெரியாது. என்னுது ஒண்ணரை வருஷம் நல்லா ஓடிச்சு. ஒரு நாள் ரேடியோ வயரைப் பார்க்கிறதுக்காகச் சாவியை ஆனில் வெச்சுட்டு இருபது நிமிஷம் டாஷ்போர்டுக்குக் கீழ படுத்திருந்தேன். எஞ்சின் ஓடாம காயிலுக்குள்ள கரன்ட் நிக்காம ஓடினதில் மாட்யூல் செத்துப் போச்சு. அந்தத் தலைமுறை மாட்யூலுக்கு இந்தப் பலவீனம் உண்டு, பிறகு வந்தவைக்குப் பாதுகாப்பு வெச்சாங்க. அடிப்படையில் குறை என்னன்னா தேஞ்ச டிஸ்ட்ரிபியூட்டர் தேஞ்சதாவே இருக்கும். புஷ் ஆடினா பொறியும் ஆடும்.

ரெண்டாவது, கிரைஸ்லரோட சொந்த எலெக்ட்ரானிக் முறை. 1971-ல் சில எஞ்சின்களில் தொடங்கி 1973-ல் எல்லா வண்டிக்கும் வந்தது. காந்தப் பிக்கப் உள்ள டிஸ்ட்ரிபியூட்டர், ஃபயர்வாலில் ஒரு கன்ட்ரோல் பெட்டி. ரிலக்டர் (பாயின்ட் கேமுக்குப் பதிலா சுத்துற பல்சக்கரம்) பல்லுக்கும் பிக்கப்புக்கும் இடைவெளி 0.008 அங்குலம். பித்தளை ஃபீலர் கேஜால் வைங்க, இரும்பை வெச்சா காந்தம் இழுத்துக்கிட்டு அளவு பொய்யாகும். பெட்டிக்கு எர்த் அதோட உடம்பு வழியாத்தான், அதனால உட்காருற இடத்தில் பெயிண்டைச் சுரண்டணும்.

மூணாவது, இப்ப என் வண்டியில் இருக்கிறது: அதே காந்தப் பிக்கப் டிஸ்ட்ரிபியூட்டர், ஆனா கன்ட்ரோல் பெட்டிக்குப் பதிலா ஜிஎம் 1974-ல் கொண்டு வந்த எச்இஐ-ங்கிற எலெக்ட்ரானிக் இக்னிஷனோட நாலு முனை மாட்யூல். அலுமினியத் தகட்டில், வெப்பம் கடத்துற பேஸ்ட் தடவி உட்கார வைக்கணும். பேஸ்ட் இல்லாம வெச்சா சீக்கிரம் போயிடும். இதுக்குப் பாலஸ்ட் ரெசிஸ்டர் (காயிலுக்குப் போற கரன்ட்டைக் குறைக்கிறது) தேவையில்லை, கரன்ட்டை அதுவே கட்டுப்படுத்திக்கும். பிளிமத்தில் ஜிஎம் சாமானான்னு மனசு ஒப்பாம ரெண்டு வருஷம் தள்ளிப் போட்டேன். இப்ப வருத்தம் இல்லை.

383-ல் டிஸ்ட்ரிபியூட்டர் முன்பக்கமே நிக்கிறது ஒரு வரம். 340, 318 எஞ்சின் வெச்சிருக்கிறவங்க ஃபயர்வால் ஓரத்தில் கை விட்டுத் துழாவணும். உங்களுது இடஞ்சுழி, 1-8-4-3-6-5-7-2. கழட்டுறதுக்கு முன்னாடி ரோட்டர் எங்க பார்த்துக்கிட்டு இருக்குன்னு போட்டோ எடுத்துக்கோங்க.

2023 மார்ச் 4

இந்த இழையில் யாரும் கேக்காத விஷயம் இது, ஆனா எல்லாத்தையும் விட இதுதான் எனக்கு முக்கியம்.

புது இக்னிஷன் போட்டுப் பெருமையா ஓட்டிக்கிட்டு இருந்தேன். பகலில் பிரமாதம். ராத்திரி சிக்னலில் நிக்கும்போது மட்டும் ஐட்லிங் தடுமாறும். மறுபடியும் கார்பரேட்டர் மேலதான் கண் போச்சு. இந்தத் தடவை அடக்கிக்கிட்டு மல்ட்டிமீட்டரை எடுத்தேன்.

ஹெட்லைட் போட்டு, ஐட்லிங்கில் வெச்சு அளந்தேன். பேட்டரியில் 12.6 வோல்ட். இக்னிஷனுக்கு வர்ற வயரில் 11.2. நடுவில் 1.4 வோல்ட் காணோம்.

எங்க போச்சுன்னா: பேட்டரியிலிருந்து கிளம்புற மின்சாரம் ஃபயர்வாலில் இருக்கிற பெரிய கனெக்டர் வழியா உள்ள போய், டாஷ்போர்டு ஆம்மீட்டரைத் தாண்டி, சாவி ஸ்விட்ச்சுக்குப் போய், திரும்ப அதே கனெக்டர் வழியா வெளியே வந்துதான் காயிலை அடையும். அம்பத்து நாலு வருஷத்துப் பச்சை பூத்த தகடு ஒவ்வொண்ணும் கொஞ்சம் கொஞ்சமாத் தின்னுடும். கனெக்டரைப் பிரிச்சப்ப சிவப்பு வயரோட முனையைச் சுத்தி பிளாஸ்டிக் பழுப்பாக் கருகியிருந்துச்சு. இக்னிஷன் தடுமாற்றத்தை விடுங்க, அது கராஜுக்குள்ள தீப்பிடிச்சிருக்கக்கூடிய வண்டி. அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரலை.

இன்னொரு கூத்து. வோல்ட்டேஜ் ரெகுலேட்டரும் இதே இளைச்ச வயரைப் பார்த்துத்தான் ஆல்டர்னேட்டருக்குக் கட்டளை போடுது. அங்க வோல்ட் குறைவாத் தெரியுறதால நெடுஞ்சாலை வேகத்தில் ஆல்டர்னேட்டரை மேலும் மேலும் தூண்டும். பேட்டரியில் 15.2 பார்த்தேன். பேட்டரி தண்ணி ஏன் அடிக்கடி குறையுதுன்னு அப்பதான் புரிஞ்சுது.

செஞ்சது: கனெக்டரை முழுக்கப் பிரிச்சுச் சுத்தம் பண்ணி, கருகின முனையை மாத்தினேன். பழைய இக்னிஷன் வயரை ஒரு ரிலேவை (சின்ன கரன்ட்டால் பெரிய கரன்ட்டைத் திறந்து மூடுற ஸ்விட்ச்) தட்டிவிட மட்டும் வெச்சுக்கிட்டு, ஆல்டர்னேட்டர் முனையிலிருந்து தடிமனான புது வயரை ஃபியூஸ் வழியா ரிலேவுக்கு இழுத்தேன். ரிலேவிலிருந்து மாட்யூல், காயில், ரெகுலேட்டர் மூணுக்கும் சப்ளை. செலவு 40 டாலருக்குள்ள. ராத்திரித் தடுமாற்றம் போயே போச்சு. பேட்டரியில் இப்ப நிலையா 14.1.

புது இக்னிஷன் பெட்டி வாங்குறதுக்கு முன்னாடியே இதைச் செய்யுங்க. பாயின்ட் வெச்ச வண்டியா இருந்தாலும் செய்யுங்க.

2023 மார்ச் 5

ரிலே போட்டவர் ஒருத்தர் எழுதியிருக்கார்: செல்ஃப் சுத்துது சுத்துது, பொறியே இல்லை, சாவியை விடுற அந்த நொடியில் மட்டும் ஒரு தடவை வெடிக்குது.

பிரவுன் வயரை மறந்துட்டீங்க. இந்த வண்டிகளில் செல்ஃப் அடிக்கும்போது ஓட்டத்துக்கான நீல வயர் செத்துடும். அந்த நேரத்துக்கு மட்டும் காயிலுக்கு சப்ளை பிரவுன் வயரில் வரும். நீல வயரை மட்டும் ரிலேவில் கொடுத்தா செல்ஃப் அடிக்கும்போது ரிலே விழுந்துடும். பாலஸ்ட் இருந்த இடத்தில் நீலம், பிரவுன் ரெண்டையும் சேர்த்து ரிலேவுக்குக் கொடுங்க.

இதுக்கு நேர் எதிர் அறிகுறியும் தெரிஞ்சு வெச்சுக்கோங்க. செல்ஃப் அடிக்கும்போது எஞ்சின் பிடிச்சு, சாவியை விட்டதும் நின்னா பாலஸ்ட் ரெசிஸ்டர் போச்சு. பாலஸ்ட் வெச்சு ஓட்டுறவங்க கையுறைப் பெட்டியில் ஒரு உதிரி போட்டு வைங்க.

2023 மார்ச் 19

இனி கார்பரேட்டர். கேள்வி கேட்டவர் பாயின்ட், டாம்ப்பர் குறி, ரிலே மூணையும் முடிச்சுட்டு "பாதிக்கு மேல சரியாயிடுச்சு, ஆனா மிதிக்கும்போது இன்னும் லேசான தயக்கம்"னு சொல்றார். வேக்குவம் அட்வான்ஸ் பிடிக்குதாம். ஆரம்ப டைமிங் 12 டிகிரி, மொத்தம் 36.

அந்த 36 தானா வராது. ஃபேக்டரி டிஸ்ட்ரிபியூட்டரில் எடைகள் நகருற தூரம் அதிகம், ஆரம்பத்தில் 12 வெச்சா மேல 40 தாண்டும். 93 ஆக்டேன் போட்டாலும் இறுக்கமான எஞ்சின் மேட்டில் கிணுகிணுக்கும். எடை நகருற துவாரத்தைக் குறைச்சு வெல்டு வெச்சுக் கொண்டு வந்தது அது. அவர் அதைப் பொறுமையாச் செஞ்சிருக்கார்.

அப்ப மிஞ்சினது கார்பரேட்டர்தான். 54 வருஷம் ஓடின த்ராட்டில் தண்டு அலுமினிய உடம்பில் ஆடும். அந்த வழியாக் காத்து உள்ள போகும். புதுசு வாங்குங்க. 600 அல்லது 650 சிஎஃப்எம், எடெல்பிராக் போதும். அதோட வேர் கார்ட்டர்தான், ராடும் ஜெட்டும் அதே தத்துவம், பழகின கைக்கு அந்நியமா இருக்காது.

2023 ஏப்ரல் 1

கார்பரேட்டர் மாத்துறவங்க எல்லாரும் இதை நின்னு படிக்கணும். ஆட்டோமேட்டிக்குன்னா கார்பரேட்டரிலிருந்து கியர்பாக்ஸுக்கு ஒரு கம்பி போகும். கிக்டவுன்னு பேர், ஆனா வேலை அது மட்டுமில்லை. எவ்வளவு மிதிச்சிருக்கோம்னு 727 கியர்பாக்ஸுக்குச் சொல்றதே அந்தக் கம்பிதான். அதுக்கேத்த மாதிரிதான் உள்ள எண்ணெய் அழுத்தம் ஏறும். புது கார்பரேட்டர் லீவரில் பொருந்தலைன்னு கம்பியைக் கட்டித் தொங்கவிட்டா கியர் சீக்கிரம் சீக்கிரமா, மெத்துமெத்துன்னு மாறும். ஓட்டுறவருக்கு சுகமாத்தான் இருக்கும். உள்ள கிளட்ச் தட்டுகள் வழுக்கி எரிஞ்சுக்கிட்டு இருக்கும். கிரைஸ்லர் லீவர் அடாப்டர் சேர்த்து வாங்குங்க. முழு மிதியில் கம்பியும் முழுசாப் பின்னால போகுதான்னு ஒருத்தரை உட்கார வெச்சுக் கண்ணால பாருங்க.

எலெக்ட்ரிக் சோக்குக்கு சப்ளை ரிலேவிலிருந்து எடுங்க. காயில் பிளஸ்ஸிலிருந்து எடுக்க வேண்டாம்.

2023 ஏப்ரல் 22

மார்ச் 19-ல் "புதுசு வாங்குங்க"ன்னு எழுதினேன். அதைப் பாதி திரும்ப வாங்கிக்கிறேன்.

குளிர்காலம் முழுக்க என்னோட பழைய கார்ட்டர் ஏவிஎஸ் கார்பரேட்டர் அலமாரியில் துணி போர்த்திக் கிடந்துச்சு. 2017-ல் குற்றமே செய்யாம கழட்டப்பட்டது. போன மாசம் அதைப் பிரிச்சு, தண்டு ஆடுற இடத்தில் வெண்கல புஷ் போடச் சொல்லி ஒரு மெஷின் ஷாப்பில் கொடுத்தேன். பம்ப்பின் தோல் குல்லாய் விறைச்சுப் போயிருந்துச்சு, எத்தனாலைத் தாங்குற புதுசு போட்டேன். மிதவை அளவு சரி பண்ணினேன். போன சனிக்கிழமை வண்டியில் ஏத்தினேன்.

ஏவிஎஸ்-ஸோட அழகு பின்பக்க வாய்க்கு மேல இருக்கிற காத்துக் கதவு. நாம மிதிச்சாலும் எஞ்சின் கேக்குற அளவுக்குத்தான் அது திறக்கும், ஸ்பிரிங் இறுக்கத்தை வெளியிலிருந்தே மாத்தலாம். ஸ்பிரிங் தளர்ந்து கதவு சீக்கிரம் திறந்தா அதே ஒரு நொடித் தயக்கம் வரும். கால் சுத்து இறுக்கினேன், இன்னொரு கால் சுத்து இறுக்கினேன். தயக்கம் காணாம போச்சு. ஆறு வருஷத்துக்கு முன்னாடி கிழிஞ்ச வேக்குவம் டப்பாவை மாத்திட்டு ஒரு ஸ்க்ரூடிரைவரை எடுத்திருந்தா முடிஞ்சிருக்கும்.

புது கார்பரேட்டர் மேல எனக்கு எந்தக் குறையும் இல்லை, ஆறு வருஷம் உழைச்சிருக்கு. ஆனா ஏர் கிளீனரைத் தூக்கினதும் ஃபேக்டரியில் ஏத்தின அதே உருப்படி உட்கார்ந்திருக்கிறதைப் பார்க்கும்போது வர்ற சந்தோஷம் தனி. கேள்வி கேட்டவரே, உங்க கார்ட்டரை யாருக்கும் வித்துடாதீங்க. முதல்ல தண்டைப் பிடிச்சு ஆட்டிப் பாருங்க.

2023 மே 30

கேள்வி கேட்டவர் புதுசே வாங்கிட்டார், 600, எலெக்ட்ரிக் சோக். சரி, அதுவும் நல்ல முடிவுதான். ஓட்டிப் பார்த்துட்டு, மெதுவா மிதிக்கும்போது லேசா இளைக்குதுன்னார்.

இந்தக் குடும்பத்துக் கார்பரேட்டரில் ஜெட்டுக்குள்ள ஒரு ஊசி மாதிரி ராட் நிக்கும். எஞ்சின் வேக்குவம் அதைக் கீழ இழுத்துப் பிடிச்சிருக்கும்போது பெட்ரோல் சிக்கனம். மிதிச்சு வேக்குவம் விழுந்ததும் அடியில் இருக்கிற ஸ்பிரிங் ராடை மேல தள்ளும், பெட்ரோல் கூடும். எத்தனை அங்குல (பாதரச) வேக்குவத்தில் தள்ளும்னு ஸ்பிரிங்குக்கு நிறம் உண்டு: நீலம் 3 அங்குலம், மஞ்சள் 4, ஆரஞ்சு 5, பிங்க் 7, வெள்ளி 8. பெட்டியில் வர்றது ஆரஞ்சு. டி கியரில் போட்டு ஐட்லிங்கில் வேக்குவம் பாருங்க, அதில் பாதிக்குப் பக்கத்து ஸ்பிரிங்கிலிருந்து ஆரம்பிங்க. அவருக்கு 13 காட்டுது. பிங்க் போடச் சொன்னேன். மேல ரெண்டு சின்ன ஸ்க்ரூ, கார்பரேட்டரைத் திறக்கவே வேண்டாம், பெட்ரோல் ஒரு சொட்டு சிந்தாது. ஸ்பிரிங் துள்ளி வாய்க்குள்ள விழாம ஒரு துணி மட்டும் போட்டுக்கோங்க.

பத்து நிமிஷத்தில் மாத்திட்டு பதில் போட்டார்: "போயிடுச்சு."

பெட்ரோல் அழுத்தத்தையும் பாருங்க. 6.5 பிஎஸ்ஐ தாண்டினா ஊசி வால்வு உட்காராம ஃப்ளட் ஆகும்.

வைட்பேண்ட் மீட்டர் (புகையைப் பார்த்து காத்துக்கும் பெட்ரோலுக்கும் உள்ள விகிதத்தைக் காட்டுறது) வெச்சிருக்கிறவங்களுக்கு என் எண்கள்: சீரான ஓட்டத்தில் 14 பக்கம், முழு மிதியில் 12.6, ஐட்லிங்கில் 13.5. பத்து சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலுக்குச் சமநிலை 14.7 இல்லை, 14.1 பக்கம். ஆனா சாதா பெட்ரோல் அளவுகோல் வெச்ச மீட்டர், எத்தனால் கலந்திருந்தாலும் சமநிலையை 14.7-ன்னுதான் காட்டும்.

2023 ஜூலை 15

வெயில். சூடா நிறுத்திட்டு அரை மணி கழிச்சு வந்தா ஸ்டார்ட் ஆகலை, பெட்ரோல் வாடை வீசுதுன்னு நாலு பேர் எழுதியாச்சு.

383-ல் கார்பரேட்டருக்கு அடியில் புகைப்பாதை ஓடுது, குளிர்காலத்தில் சீக்கிரம் சூடேறணும்னு ஃபேக்டரியில் வெச்சது. இப்ப வர்ற எத்தனால் பெட்ரோல் சூட்டில் சீக்கிரம் கொதிக்கும். நிறுத்தினதும் மிதவைக் கிண்ணத்தில் கொதிச்சு மேனிஃபோல்டுக்குள்ள வழியும். அரை அங்குல ஃபெனாலிக் ஸ்பேசர் வெச்சேன், பெரும்பாலும் சரியாயிடுச்சு. ஏர் கிளீனர் பானட்டில் இடிக்குதான்னு களிமண் உருண்டை வெச்சு மூடிப் பாருங்க. மீதிக்கு: படகுத் துறைப் பக்கம் எத்தனால் கலக்காத பெட்ரோல் விக்கிறாங்க, தூரமா ஓட்டுற நாளில் அதைப் போடுறேன். சூடா ஸ்டார்ட் பண்ணும்போது மிதியை முழுசா அமுக்கிப் பிடிச்சுக்கிட்டு செல்ஃப் அடிங்க, பம்ப் பண்ணாதீங்க.

2023 ஆகஸ்ட் 20

நேத்து உட்வர்ட் ட்ரீம் க்ரூஸ். 1995-லிருந்து ஆகஸ்ட் மூணாவது சனிக்கிழமை நடக்குது. உட்வர்ட் அவென்யூவில் ஃபெர்ன்டேலிலிருந்து பான்டியாக் வரைக்கும் ஊர்ந்துக்கிட்டே போறது. நடந்து போறவங்க நம்மைத் தாண்டிப் போவாங்க. கார்பரேட்டருக்கும் ரேடியேட்டருக்கும் இதைவிடக் கடுமையான பரீட்சை கிடையாது.

நாலு மணி நேரம். ஒரு தடவைகூட நிக்கலை, தடுமாறலை. ராயல் ஓக் பக்கம் ஒரு சின்னப் பையன் ஹாரன் அடிக்கச் சொல்லிக் கையசைச்சான். கார்ட்டூன் ரோட் ரன்னர் மாதிரி "பீப் பீப்"னு கத்துற ஹாரன் அது; அந்தப் பேருக்கும் உருவத்துக்கும் பிளிமத் வார்னர் பிரதர்ஸுக்கு 50,000 டாலர் கொடுத்தாங்க. அடிச்சேன். அவன் குதிச்சான்.

பக்கத்தில் வந்த வண்டிக்காரர் ஏன் எலெக்ட்ரானிக் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் போடலைன்னு கேட்டார். இங்கயும் அதைக் கேட்டிருக்காங்க. தினமும் ஓட்டுறதா இருந்தா போடுங்க, தப்பே இல்லை. ஆனா அதுக்கும் சீரான 12 வோல்ட் வேணும், மார்ச் 4-ல் எழுதின வேலை அப்பவும் உங்களுக்குக் காத்திருக்கும். எனக்கு சனிக்கிழமை காலையில் ஸ்க்ரூடிரைவரோட ஏதாவது செய்யணும். வேக்குவம் கேஜ் முள் மெல்ல ஏறுறதைப் பார்த்துக்கிட்டே ஐட்லிங் ஸ்க்ரூவைத் திருப்புறது எனக்கு சாமி கும்பிடுற நேரம் மாதிரி.

2023 அக்டோபர் 14

அடுத்த வாரம் வண்டியை மூடிப் போடுறேன், அதுக்கு முன்னாடி ஒரு திருத்தம். எச்இஐ போட்டா பிளக் இடைவெளியை 0.035 அங்குலத்திலிருந்து 0.045 ஆக்கலாம்னு ஜூனில் ஒருத்தருக்குத் தனியா எழுதினேன். 0.045 வெச்சு ஓட்டினதில் எனக்கு ஐட்லிங்கில் துளி வித்தியாசம் தெரியலை, ஆனா மூடியிலும் ரோட்டரிலும் கருப்புத் தடம் சீக்கிரம் விழுது. 0.040-க்கு இறக்கிட்டேன். அவரும் இறக்கிக்கட்டும்.

கேள்வி கேட்டவர் ஒஹாயோவிலிருந்து போன ஞாயித்துக்கிழமை வண்டியை ஓட்டிக்கிட்டே இங்க வந்தார். ரெண்டு 69-ம் என் வீட்டு வாசலில் பக்கத்துப் பக்கத்தில். அவருது புது கார்பரேட்டர், என்னுது பழசு. வண்டியை மாத்தி ஓட்டிப் பார்த்தோம். என்னுதில் பின்பக்க வாய் திறக்கிறது கொஞ்சம் மென்மை, அவருதில் சோக் கச்சிதம். இப்ப அவரும் மாட்யூலுக்கு மாறியாச்சு; பாயின்ட் செட்டைப் பழைய டிஸ்ட்ரிபியூட்டரோட ஒரு டப்பாவில் போட்டு டிக்கியில் வெச்சிருக்கார், வழியில் மாட்யூல் போனா அரை மணியில் மாத்திக்கலாம்னு. அதை நான் யோசிச்சதே இல்லை. இன்னிக்குக் காலையில் நானும் ஒரு டப்பா கட்டி வெச்சேன்: டிஸ்ட்ரிபியூட்டர், கண்டன்சர், பாலஸ்ட், ஃபீலர் கேஜ், உப்புத்தாள்.